சாம்பிராணி ஏறிய பச்சைத் தேயிலை

போன மாதம் கம்பத்துக்குப் போயிருந்தேன். அங்கே புதிதாக வந்திருக்கும் தேயிலைப் பொட்டலக் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண்கள் நாலைந்து பேர் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். இப்போதெல்லாம் பச்சைத் தேயிலையைப் பிளாஸ்டிக் உறையில் அடைத்து மெஷினில் வாயை ஒட்டிவிடுகிறார்களாம். வாங்கிப் போனவர்கள் உறையைப் பிரித்துக் கொஞ்ச நாளில் நிறம் மங்கி, வைக்கோல் வாசம் அடிக்கிறது என்று குறை சொல்கிறார்களாம். அந்தக் காலத்தில் நாங்கள் மரப்பெட்டியில் அடைத்து அனுப்பியது மட்டும் எப்படிக் கெடாமல் இருந்தது என்று கேட்டார்கள். நான் வாயைத் திறந்தேன். பொழுது சாயும்வரை மூடவில்லை. கடைசியில் ஒருத்தி பொறுக்க மாட்டாமல், "பெரியம்மா, இத எழுதியே குடுத்துருங்க. நாங்க வீட்டுக்குப் போயி உலை வைக்கணும்" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன். இனி அவர்கள் தப்பிக்க முடியாது.

அவர்களுக்குச் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தேயிலைக்கு ஐந்து பேரைக் கண்டால் ஆகாது. வெளிச்சம், காற்று, ஈரம், சூடு, பிற வாசனை. இந்த ஐவரையும் வாசலிலேயே நிறுத்திவிட்டால் அது பிறந்த நிறம் மாறாமல் கிடக்கும். முதல் நால்வரை நிறுத்துவது பெரிய காரியமில்லை. ஐந்தாவது ஆள் பொல்லாதவன், சாமியின் பெயரைச் சொல்லிக்கொண்டுகூட உள்ளே வந்துவிடுவான். நாங்கள் பெட்டி அடைத்த அறைக்குள் அப்படித்தான் வந்தான்.

ரயில் தேனிக்கு வந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம் அது. மேலே மலை எஸ்டேட்டில் கொழுந்தைப் பறித்ததும் ஆவியில் புழுக்கி, உருட்டி, உலர்த்திவிடுவார்கள். மற்றத் தேயிலையைப் போலக் கறுக்க விடுவதில்லை, அதனால் பச்சையாகவே இருக்கும். ஆனால் மழைக்காலத்தில் மலையில் சுவரே வியர்க்கும். அங்கே வைத்துப் பெட்டி அடைத்தால் பூஞ்சை பூத்துவிடும். ஆகையால் தகர டின்களில் போட்டுக் குமுளி வழியாகக் கீழே இறக்குவார்கள். கம்பத்தில், கூடலூர் போகிற ரோட்டோரம் இருந்த எங்கள் அறையில் அதை மறுபடி லேசாக வாட்டி, பெட்டியில் அடைத்து, மாட்டு வண்டியில் தேனிக்குக் கொண்டுபோய் ரயிலேற்றுவார்கள். அந்த வண்டிகளில் ஒன்றை ஓட்டியவர் என் வீட்டுக்காரர். அறையில் பெண்களுக்கு வேலை இருக்கிறது என்று அவர்தான் வந்து சொன்னார். நம் பக்கத்தில் இந்தத் தேயிலையை யாரும் சீண்ட மாட்டார்கள். முதல் தடவை ஒரு மடக்குக் குடித்துவிட்டு, கீரை வெந்த தண்ணிக்கா இத்தனை பாடு என்று கேட்டவள் நான்.

அறைக்குப் பொறுப்பு மீரான் ராவுத்தர், உத்தமபாளையத்துக்காரர். ஒல்லியான மனுஷர், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி. குரலை உயர்த்தவே மாட்டார், அதனாலேயே எங்களுக்குப் பயம். வேலை கேட்டுப் போன முதல் நாள் கையை நீட்டச் சொன்னார். ஒரு முழம் தள்ளி நின்றே மூக்கை உறிஞ்சினார். வீட்டில் இன்று பூண்டுக் குழம்பா என்று கேட்டார். ஆமாம் என்றேன், பெருமையாக வேறு. சாம்பலும் புளியும் போட்டுக் கையைத் தேய்த்துவிட்டு நாளைக்கு வா என்று அனுப்பிவிட்டார். குழம்பு வைத்ததற்காக ஒருத்தியைத் திருப்பி அனுப்புகிற ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே போனேன்; மறுநாள் கை தோலுரியத் தேய்த்துக்கொண்டு முதல் ஆளாக வந்து நின்றேன்.

பூண்டோடு போயிற்றா? பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது, வெற்றிலை புகையிலை கூடாது, எண்ணெய் தேய்த்துத் தலைமுழுகிய அன்றைக்கு அறைப்பக்கமே வரக் கூடாது. மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். பூ விஷயத்தில் ஊரே பற்றிக்கொண்டது. தாலி கட்டிக்கொண்டவள் வெறுந்தலையோடு வேலைக்குப் போவதா என்று மாமியார்கள் ஆளாளுக்குச் சண்டைக்கு வந்தார்கள். ராவுத்தர் யாரோடும் வாதாடவில்லை. வாசலில் இருந்த புளியமரத்தடியில் ஒரு பித்தளை அண்டாவை வைத்து, அதன் வாயில் ஈரத்துண்டை விரித்தார். பூவோடு வாருங்கள், இதில் வைத்துவிட்டு உள்ளே போங்கள், போகும்போது எடுத்துச் சூடிக்கொள்ளுங்கள் என்றார். அப்புறம் சண்டை வேறு மாதிரி ஆனது. சாயங்காலம் எந்தச் சரம் யாருடையது என்று தினமும் ஒரு பஞ்சாயத்து. நானே ஒரு தடவை, என் கதம்பத்தை விட்டுவிட்டு அடுத்தவளின் மல்லிகையைத் தவறுதலாக எடுத்துவிட்டேன். தவறுதலாகத்தான்.

எங்களுக்குச் சொன்னதை அவரும் கடைப்பிடித்தார். அவருக்கு அத்தர் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகைக்குப் போகும்போது மட்டும் பூசிக்கொள்வார். திரும்பி வந்தால் அறைக்குள் காலை வைக்க மாட்டார். புளியமரத்தடியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, அங்கிருந்தே என்ன நடக்கிறது என்று கேட்டுக் கேட்டு வேலை வாங்குவார். வெள்ளிக்கிழமை மதியத்துக்காக நாங்கள் காத்திருப்போம். பாட்டும் பேச்சுமாக அறை கலகலவென்று இருக்கும். அவருக்கும் அது தெரியும்.

மலையிலிருந்து டின் வந்து இறங்கியதும் திறக்க விடமாட்டார். ஒருத்தி ஆசையாக மூடியைத் தட்டப் போனபோது, டின்னின் வெளிப்பக்கத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். விரல் நனைந்தது. குளிரிலிருந்து இறங்கியது, நம் வெக்கையில் தகரத்துக்கே வேர்க்கிறது, இப்போது மூடியைத் திறந்தால் உள்ளே இலைக்கும் இப்படித்தான் வேர்க்கும் என்றார். டின் வெக்கைக்குப் பழகும்வரை அப்படியே மூடிக் கிடக்கும். பிறகு புகை அடங்கிய கரிக் கங்கில், அகலச் சட்டியில், கை பொறுக்கிற சூட்டில் வாட்டுவோம். இலையை இரண்டு விரலுக்கு நடுவில் நெரித்தால் முறிகிற சத்தம் கேட்க வேண்டும். வளைந்தால் ஈரம் போகவில்லை, பொடிந்து உதிர்ந்தால் சூடு மிஞ்சிவிட்டது. நன்றாக ஆறவிட்டு, ஈயத்தாள் ஒட்டிய பெட்டியில் கொட்டிக் குலுக்கிக் குலுக்கி விளிம்பு வரை நிரப்ப வேண்டும். கொஞ்சம் இடம் விட்டாலும் காற்று குடிவந்துவிடும் என்பார். நிரம்பிய பெட்டிகளை மரமூடி போட்டு வைத்திருப்போம். ஈயம் பற்றவைக்கிற ஆள் வந்து தாளின் வாயை ஒட்டிய பிறகுதான் அது முடிந்த பெட்டி. ஜன்னலில் எப்போதும் கறுப்புத் துணி தொங்கும். மண்ணெண்ணெய் விளக்கு அந்தக் கட்டடத்துக்குள் வந்ததே இல்லை, இருட்டினால் வேலை முடிந்தது.

ஒரு வருஷம் ஆயுத பூஜைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு பெரிய ஆர்டர் வந்தது. வடக்கே பனி பெய்கிற சீமையில் இந்தத் தேயிலையைத்தான் பொழுதெல்லாம் குடிப்பார்களாம். அங்கிருந்து ஒரு வியாபாரி, கான் சாகிப் என்பார்கள், சரக்கைத் தானே நேரில் பார்த்து எடுக்க வருவதாகச் செய்தி. எங்கள் முதலாளி நஞ்சையும் தென்னந்தோப்பும் உள்ள நல்ல குடும்பம். மனசும் நல்ல மனசு, தேயிலைதான் அவருக்குப் புதுசு. எங்களைக் கூப்பிட்டு உள்ளதைச் சொன்னார். இந்தச் சரக்கைக் கான் சாகிப் எடுத்துக்கொண்டால் அறை கம்பத்திலேயே நடக்கும். வேண்டாம் என்று போய்விட்டால், தை மாதத்திலிருந்து டின்களை நேரே தூத்துக்குடிக்கு அனுப்பித் துறைமுகத்திலேயே அடைத்துக்கொள்வார்.  நடவும் களையெடுப்பும் வருஷத்தில் சில மாசம்தான். இது பன்னிரண்டு மாசமும் நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. எங்களில் பாதிப் பேர் வீட்டில் அந்தக் கூலியில்தான் அடுப்பெரிந்தது, என் வீட்டிலும்தான்.

பூஜைக்கு முந்தின நாள் ராவுத்தர் தம் மகள் கல்யாணத்துக்காக ஊருக்குப் போனார். போகும்போது என்னிடம் பொறுப்பைக் கொடுத்து, பூஜையை வாசலில் போட்டுக்கொள்ளுங்கள், சட்டியும் கரண்டியும் ஒரு காலிப்பெட்டியும் வெளியே எடுத்து வைத்துக் கும்பிடுங்கள், அறையைத் திறக்க வேண்டாம் என்று சொன்னார். தேங்காய்க்கும் பொரிக்கும் தம் பங்கையும் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதன்படியே வாசலை மெழுகிக் கோலம் போட்டு எல்லாம் தயாராக வைத்திருந்தோம்.

முதலாளி குடும்பத்தோடு வந்தார். வாசலைப் பார்த்ததும் முகம் சுருங்கிவிட்டது. லட்சுமி உள்ளே பெட்டியில் இருக்கிறாள், நாம் வெளியே காலிப்பெட்டியைக் கும்பிடுவதா என்றார். கதவைத் திறக்கச் சொன்னார். சரக்குக்கு ஆகாது என்று நான் குறுக்கே நின்றேன். அவர் கோபப்படவில்லை, சிரித்தார்.

"ஏன் ஆத்தா, சாமிக்குப் போடுற புகையில கெட்டுப் போற சரக்கும் உண்டா?"

நான் என்னத்தைச் சொல்ல? ஆமாம் என்றால் சாமிக் குத்தம், இல்லை என்றால் தேயிலை போச்சு. ஈயம் பற்றவைத்த பெட்டிகளைத் திறக்க வேண்டுமானால் அந்த ஆள்தான் வர வேண்டும், அவர் ஊரில் இல்லை என்று மட்டும் சொன்னேன். அதை ஒப்புக்கொண்டார். அதனால் சரக்கில் பாதி தப்பியது. மீதிப் பாதி நிரம்பி, மரமூடியோடு மட்டும் நின்றுகொண்டிருந்தது. கைக்கெட்டிய பெட்டிகளின் மூடியை அவரே எடுத்துவிட்டு, தூபக்காலைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் மும்மூன்று சுற்று, பக்தியாக, ஆற அமரச் சுற்றினார். அறை முழுக்கப் பால்சாம்பிராணிப் புகை. யார் முகம் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு வயிறு எரிந்தது. ஆனாலும் சுண்டல் நன்றாகத்தான் இருந்தது, இரண்டு தடவை வாங்கித் தின்றேன்.

அதோடு விட்டார்களா? படையல் போட இடம் வேண்டும் என்று ஆண்கள் பெட்டிகளை மூடி, இழுத்து, மாற்றி மாற்றி அடுக்கிவிட்டார்கள். எதில் புகை போனது, எதில் போகவில்லை என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது.

மறுநாள் ராவுத்தர் கல்யாண வீட்டிலிருந்து வந்தார். உடம்பெல்லாம் அத்தர். வழக்கப்படி புளியமரத்தடியில் நின்றவர் அப்படியே என்னைப் பார்த்தார். வாசலில் போட்ட புகையா, உள்ளே போட்ட புகையா என்று கேட்டார். உள்ளே என்றேன்.  அவர் நேரே வாய்க்காலுக்குப் போய்க் குளித்து, வேறு துணி மாற்றிக்கொண்டு வந்து பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து முகர்ந்தார். பாதியிலேயே நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினார். கல்யாணக் கூட்டத்தில் அத்தரிலேயே ஊறிய மூக்கு, இன்னும் இரண்டு நாளைக்கு எதற்கும் உதவாது என்றார். எங்கள் மூக்குகளும் லட்சணம்தான். ஊரில் வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை சாம்பிராணி. எதை முகர்ந்தாலும் சாமி வாசம்தான் வந்தது. கான் சாகிப்போ மறுநாள் வந்துவிடுவார்.

முதலாளிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. மனுஷர் ஆடிப்போய்விட்டார். எல்லாப் பெட்டியையும் கொட்டி ஒன்றாகக் கலந்துவிட்டால் வாசம் தெரியாமல் போய்விடாதா என்று கேட்டார்.

"குடம் பாலுல ஒரு கரண்டி மோர் விழுந்தா, பாலு மோரை மாத்தாது முதலாளி" என்றார் ராவுத்தர்.

அந்த நேரத்தில்தான் எனக்கு முத்துப்பேச்சி நினைவு வந்தது. எங்களோடு வேலை பார்த்தவள். தலைப்பிள்ளை உண்டாகியிருந்தாள். மாசமானவளை வேலையில் வைத்துக்கொள்வதில்லை, மயங்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்று முதலாளி ஒரு சட்டம் வைத்திருந்தார். அதன்படி அவளை நிறுத்திவிட்டார்கள். அழுதுகொண்டே போனாள். மசக்கை என்றால் அப்படி ஒரு மசக்கை அவளுக்கு. பக்கத்து வீட்டில் தாளித்தால் இவள் குடலைப் புரட்டும். அதிலும் சாம்பிராணிதான் முதல் எதிரி. அதற்குப் பயந்துதான் பூஜை நாளில் ஊருக்குள்ளேயே இருக்காமல், சுருளிப்பட்டிப் பக்கம் இருந்த அவர்கள் தோட்டத்துக் குடிசையில் போய் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பள்ளத்தாக்கில் அன்றைக்குப் புகை படாத மூக்கு அது ஒன்றுதான்.

ராவுத்தரிடம் சொன்னேன். அவர் முகத்தில் அன்று முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. என் வீட்டுக்காரர் உடனே வண்டியைப் பூட்டினார். குடிசையில் முத்துப்பேச்சி பாதி உயிராகப் படுத்திருந்தாள்.

"வேலையை விட்டுப் போன்னு சொன்னாக. இப்ப எதுக்கு மதினி கூப்புடுறாக?"

"வாந்தி எடுக்கத்தாண்டி" என்றேன்.

ராவுத்தர் தம்முடைய நாற்காலியைத் தாமே துடைத்து, காற்று வருகிற பக்கமாகப் போட்டு அவளை உட்கார வைத்தார். ஒட்டாத பெட்டி ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து, வெள்ளைக் கிண்ணத்தில் போட்டு வெந்நீர் ஊற்றி அவள் மூக்கருகே கொண்டுபோனோம். முதல் கிண்ணத்துக்கு ம் என்றாள். இரண்டாவதற்கும் ம். அடுத்ததற்கும் அதே ம். இவளுக்கு மசக்கை தெளிந்து தொலைத்துவிட்டதோ என்று ராவுத்தரைப் பார்த்தேன். அதற்கடுத்த கிண்ணம் பக்கத்தில் வந்ததுதான் தாமதம், வாயைப் பொத்திக்கொண்டு வேலியோரம் ஓடினாள். நாங்கள் அத்தனை பேரும் குலவை போட்டுவிட்டோம். ஒருத்தி ஓடிப்போய் அந்தப் பெட்டியில் கரியால் பெருக்கல் குறி போட்டாள். அப்புறம் பெட்டிக்குப் பெட்டி தீர்ப்புத்தான். அவள் ஓடுகிறபோதெல்லாம் ஒருத்தி தண்ணீர்ச் செம்போடு பின்னாலேயே ஓடினாள். கடைசிக் கிண்ணத்துக்கு அவள் துவண்டு போனாலும், கெட்டதெல்லாம் ஒரு மூலையில் தனியாக நின்றது. நல்ல பெட்டிகளுக்கு அன்றே ஆளைத் தேடிப் பிடித்து ஈயம் வைத்தோம்.

மறுநாள் கான் சாகிப் வந்தார். ஆறடிக்கு மேல் உயரம், பெரிய தலைப்பாகை, பூவேலை செய்த சிவப்புத் தோல் செருப்பு. ராவுத்தர் தமக்குத் தெரிந்த அரைகுறை இந்துஸ்தானியில் முதல் வேலையாக உள்ளதை உள்ளபடி சொன்னார். பூஜையில் சில பெட்டிகளில் புகை ஏறிவிட்டது, அவை அந்த மூலையில் நிற்கின்றன, மற்றவை சுத்தம். முதலாளி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். சுத்தம் என்று சொன்னது யார் என்று கான் சாகிப் கேட்டார். ராவுத்தர் அன்றும் வந்திருந்த முத்துப்பேச்சியைக் காட்டினார். கான் சாகிப் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.  வேலை போயிற்று என்றே முடிவு கட்டினேன்.

ஆனால் அவர் விடவில்லை. தம்முடைய கெண்டியில் தாமே வெந்நீர் கேட்டு வாங்கி, நான்கு கோப்பையைத் தூணுக்கு அந்தப் பக்கம் வைத்து, தாம் பிரித்த பெட்டிகளிலிருந்து யாரும் பார்க்காமல் தேயிலை எடுத்துப் போட்டார். முத்துப்பேச்சியை நாற்காலியில் உட்கார்த்தி, எதிரில் நின்று ஒவ்வொன்றாக நீட்டினார். முதல் கோப்பையை முகர்ந்து நல்லது என்றாள். இரண்டாவதை முகர்ந்ததோடு நில்லாமல் முழுக்கக் குடித்தே விட்டாள், அதற்குப் பிறகு கொஞ்சம் தெம்புகூட வந்தது. மூன்றாவதும் நல்லது. நான்காவதை அவர் இன்னும் கிட்டே கொண்டுவந்தார். அவள் எழுந்து வேலிக்கு ஓடப் பார்த்தாள். எதிரே ஆறடி மனுஷர் மலைபோல நிற்கிறார், எங்கே ஓடுவது? குடித்த தேத்தண்ணி அத்தனையும் அவருடைய பூவேலைச் செருப்பின்மேல் கொட்டியது.

 முதலாளி தோள் துண்டை உருவிக்கொண்டு துடைக்க ஓடினார். கான் சாகிப் செருப்பைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மூலைப் பெட்டித் தேயிலை போட்டிருந்த அந்தக் கோப்பையைப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், தலைப்பாகை குலுங்க, புளியமரத்துக் காக்கையெல்லாம் பறக்க அப்படி ஒரு சிரிப்பு. என்னமோ சொல்லி ராவுத்தரின் தோளில் தட்டினார். ராவுத்தர் எங்கள் பக்கம் திரும்பினார்.

"ருசி பாக்குறதுக்குச் சம்பளம் குடுத்து ஆளு வச்சிருக்காகளாம். அதுல ஒருத்தரும் இம்புட்டு நேர்மையாப் பேசுனதில்லையாம்."

சுத்தமான பெட்டிகள் அத்தனையையும் எடுத்துக்கொண்டார். குறைந்த பெட்டிகளுக்குப் பதிலாக அடுத்த மாதம் வேறு அனுப்பச் சொன்னார். அறை கம்பத்திலேயே நின்றது. நாங்கள் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டோம். அந்தச் சந்தடியில் முத்துப்பேச்சி வாயைக் கொப்பளித்துவிட்டு, வாந்தி எடுத்ததற்குக் கூலி உண்டா என்று என்னைக் கேட்டாள். ராவுத்தர் காதில் அது விழுந்தது. முதலாளியை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். உண்டு, நாளையிலிருந்து இவள் வேலைக்கு வரலாம், இனி மாசமானவள் யாரையும் நிறுத்த வேண்டாம் என்று முதலாளி அங்கேயே சொன்னார். புகை ஏறிய தேயிலையை எங்களுக்கே பங்கு போட்டுக் கொடுத்தார்கள். கருப்பட்டி போட்டு வீட்டுக்கு வீடு குடித்தோம். பிள்ளைகள் அதற்குக் கோயில் தண்ணி என்று பெயர் வைத்தார்கள்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முதலாளி தூபக்காலோடு புளியமரத்தைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பூஜை முடிந்த வாரத்தில் கான் சாகிப்பும் வந்தார். வண்டியிலிருந்து இறங்கும்போதே, இந்த வருஷம் பரீட்சை வைக்கிறவர் யார் என்று ராவுத்தரிடம் கேட்டாராம். ராவுத்தர் மரத்தடி நாற்காலியைக் கையால் காட்டினார். அதில் நான் உட்கார்ந்திருந்தேன், மூன்று மாசம் முழுகாமல். கான் சாகிப் எனக்கு ஒரு சலாம் வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி வண்டிக்குள் பத்திரமாக வைத்த பிறகுதான் கோப்பையை எடுத்தார்.